நாற்பத்தேழு பேர் கடக்கும் கேட்

துறைமுகத்தைப் பெரிதாக்கினார்கள். ஆக்கட்டும், யார் வேண்டாம் என்றது? கடலைத் தூர்த்து இரண்டு புதிய கப்பல் மேடை கட்டினார்கள். பத்து மாடி உயரத்துக்குக் கிரேன்களை நிறுத்தினார்கள். கண்டெய்னர்கள் மூன்று மடங்காகப் பெருகின. லாரியில் அனுப்பினால் செலவு, ரயிலில் அனுப்பினால் மிச்சம் என்று யாரோ கணக்குப் போட்டார்கள். யாருக்கு மிச்சம் என்று கேட்கத்தான் ஆளில்லை. ஒரு நாளைக்கு இரண்டு சரக்கு ரயில் போன இடத்தில் பத்தொன்பது போயிற்று. நாற்பது வண்டி இழுத்த எஞ்சின் தொண்ணூறு இழுத்தது. ரயிலை நீட்டத் தெரிந்த புத்திசாலிகளுக்கு, அது வந்து நிற்கும் யார்டை நீட்டத் தோன்றவில்லை. அதனால் தலை யார்டுக்குள் நுழைந்து பெட்டி இறக்கும் நேரமெல்லாம், வால் ஊருக்கு நடுவே லெவல் கிராசிங் கேட்டில் குறுக்கே கிடந்தது. அரை மணி கிடக்கும், முக்கால் மணி கிடக்கும், சில நாள் ஒன்றரை மணியும் கிடக்கும்.

வீடுகள் எல்லாம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை, வேலை எல்லாம் அந்தப் பக்கம். லாரிக்காரர்களை நம்பி இருந்த பஞ்சர் கடை, சாப்பாட்டுக் கடை, டீக்கடை எல்லாம் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. ஏழாயிரம் பேருக்கு வேலை என்று வழவழ தாளில் நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தவர்கள், அந்தத் தெருவிலிருந்து எடுத்தது ஏழே ஏழு காவலாளிகளை. மூன்று சைபரை வழியில் யார் தின்றார்களோ தெரியாது.

கேட்டை ஒட்டியே தையல்காரியின் கடை. கடை என்றால் ஒரு மிஷின், ஒரு மேஜை, மேலே தகரம். துறைமுகத் தொழிலாளிகளின் கிழிந்த சட்டை, பளபளக்கும் பட்டை வைத்த மஞ்சள் மேல்சட்டை, இதெல்லாம்தான் அவளிடம் வரும். அவள் புருஷனைத் துறைமுகம் முழுக்கக் 'கம்பி' என்றுதான் கூப்பிடும். கப்பலில் அடுக்கிய பெட்டிகள் ஆடாமல் இருக்க இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டுவதும், கரைக்கு வந்ததும் அவிழ்ப்பதும் இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை. ஒரு நாள் அவசரப்படுத்தி அவிழ்க்கச் சொன்ன இடத்தில், மேலேயிருந்து நழுவிய கம்பி இடது முழங்காலை நசுக்கிவிட்டது. பெரிய மனசு பண்ணி, அந்தப் பக்கத்துக் கிடங்கில் எடை மேடைச் சீட்டு எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். மூன்று முறை பத்து நிமிஷம் தாமதமானால் ஒரு நாள் சம்பளம் போச்சு என்ற சட்டத்தையும் கூடவே கொடுத்தார்கள்.

ரயில் குறுக்கே கிடந்தால் என்ன செய்வது? எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார், அடியில் நுழைந்து போனார். வண்டி சும்மா நின்றால் போகலாம், அடியிலிருந்து 'புஸ்' என்று காற்று வந்தால் பிரேக் விடுகிறது, உடனே விலக வேண்டும் என்பது அங்கே மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும். மற்றவர்கள் குனிந்து, தவழ்ந்து ஓடிவிடுவார்கள். கம்பிக்கு முழங்கால் மடங்காது. அவர் மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் தண்டவாளத்தைப் பிடித்து உடம்பை இழுத்து இழுத்துப் போக வேண்டும். அவர் படுத்த நொடியிலிருந்து மிஷினை மிதிக்க மாட்டாள் அவள். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பக்கமிருந்து "வந்துட்டேன்" என்று குரல் வந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

ஏறி இறங்க ஒரு நடைபாலம், படியில்லாமல் சரிவு வைத்தது, அதுதான் அவள் கேட்டது. மூன்று வருஷமாக மனு எழுதினாள். போகாத ஆபீஸ் இல்லை, பார்க்காத அதிகாரி இல்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலைப் படித்துப் படித்து, பரிசீலனை என்பது ஏதோ அதிகாரிகள் ஓய்வெடுக்கும் ஊர் போலிருக்கிறது என்று அவள் நாத்தனார் சொல்லுவாள். நாத்தனார் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவள். நாக்கில் சவரக் கத்தி வைத்திருப்பவள்.

பாலம் வரவில்லை, அபராதம் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை மஞ்சள் மேல்சட்டை போட்ட ஆட்கள் நாலு பேர் கேட்டில் வந்து நின்று, அடியில் நுழைந்தவர்களை எல்லாம் பிடித்து, தலைக்கு இரண்டு நாள் கூலியைத் தீட்டிவிட்டார்கள். கைக்குழந்தையோடு போனவளையும் விடவில்லை. அன்றைக்குத் தெருவில் பாதி வீட்டில் உலை வைக்கவில்லை. அந்தச் சட்டைகளைத் தைத்ததே தையல்காரிதான். ரயில்வேயின் பாதுகாப்புக் குத்தகைக்காரர் இருநூறு சட்டை கொடுத்து, முதுகில் வெள்ளிப் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தார். 'என் கையாலயே என் கண்ணைக் குத்திக்கிட்டேனே' என்று அவள் புலம்பித் தீர்த்தாள்.

அதனால்தான், அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, அதே பட்டை வைத்த சட்டையில் நாலு பேர் கேட்டுக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றபோது, அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இந்தத் தடவை கையில் சின்ன மிஷின் வேறு.

"ஏங்க, இன்னைக்கு லீவு போடுங்க. அபராதக்காரங்க வந்துட்டாங்க."

"நல்லாப் பாத்தியா? வேற யாராவது இருக்கப் போறாங்க" என்றார் கம்பி.

"என் தையல் எனக்குத் தெரியாதா? பேசாம படுங்க."

போனை எடுத்தாள். தெருவில் யார் யாருக்கு வேலையோ அத்தனை பேருக்கும் சேதி போயிற்று. அவர்கள் இன்னும் பத்துப் பேருக்குச் சொன்னார்கள். லீவு போட முடியாதவர்கள் நாலு கிலோமீட்டர் சுற்றி வாய்க்கால் பாலம் வழியாகப் போனார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். கேட் திறந்திருந்த நேரத்தில்கூட, சேதி எட்டாத சிலரைத் தவிர ஒருவரும் அங்கே தலைகாட்டவில்லை, போன முறை பிடிபட்டவர்களின் முகம் நினைவிருக்கும் என்று பயம். அன்றைக்கு அந்தத் தெரு காட்டிய ஒற்றுமையைப் பார்த்திருந்தால் எந்தக் கட்சிக்காரனுக்கும் பொறாமை வந்திருக்கும்.

மத்தியானம் அந்த நாலு பேரில் ஒரு பெண் கடைக்கு வந்து தண்ணீர் கேட்டாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"இங்க கூட்டம் தாங்காதுன்னு சொன்னாங்களே அக்கா, ஈ காக்காவைக் காணோம்?"

தையல்காரி சொம்பை நீட்டிக்கொண்டே, குரலில் தேனைத் தடவிச் சொன்னாள். "இங்க யாரும்மா ரயிலுக்கு அடியில போகப் போறாங்க? எல்லாரும் ஒழுங்கானவங்க."

சாயங்காலம் அவர்கள் வெறுங்கையோடு கிளம்பிப் போனதும் தெருவே சிரித்தது. நாத்தனார் வந்து, "அண்ணி, உங்களத் தளபதியாப் போட்டா நாம சண்டையில ஜெயிச்சிரலாம்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து, மக்களுக்கு விளக்கக் கூட்டம் என்று கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். துறைமுகத்தின் விரிவாக்க அதிகாரி வந்திருந்தார். சுவரில் படம் படமாகக் காட்டியதால் தெரு அவருக்கு அப்போதே 'ஸ்லைடு சார்' என்று பேர் வைத்துவிட்டது. கப்பல் படம் வந்தது, கிரேன் படம் வந்தது, மேலே மேலே ஏறும் அம்புக்குறி வந்தது. அப்புறம் அவர்கள் கேட்டின் படம் வந்தது.

"பாலம் வேணும்னு நிறைய மனு வந்திருக்கு. எங்களுக்கு யார் மேலயும் கோபம் கிடையாது. முறைப்படி ஆள் வெச்சு, காலைல ஆறுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் எண்ணிப் பாத்தோம்" என்று சொல்லி அடுத்த படத்தைத் தட்டினார்.

கேட்டைக் கடப்போர், நாளொன்றுக்கு: 47. அவர்களில் நடக்க இயலாதோர்: இல்லை.

"நாப்பத்தேழு பேருக்காகப் பாலம் கட்ட எந்த விதியிலயும் இடமில்ல. அதனால கேட்டையே நிரந்தரமா மூடிட்டு, ரெண்டு பக்கமும் சுவர் எழுப்பப் போறோம். மூணு மாசத்துல வேலை முடிஞ்சிரும். எல்லாரும் வாய்க்கால் பாலத்த உபயோகிச்சுக்கலாம்."

கம்பி நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றார்.

"நடக்க முடியாதவங்க இல்லைன்னு போட்டிருக்கே, அப்ப நான் யாரு சார்?"

"ஐயா, கணக்கெடுத்த அன்னைக்கு நீங்க கேட்டுக்கு வந்தீங்களா?"

கம்பி திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அவளுக்கு அப்போதுதான் அந்தப் புதன்கிழமை முழுசாக விளங்கியது. தண்ணீர் வாங்கிக் குடித்த பெண்ணின் சிவந்த முகம் கண்ணில் வந்தது. நாலு பேர் கையில் ஆள் எண்ணும் மிஷினோடு நாள் முழுக்க வெயிலில் நின்றது பாலத்துக்காக. அந்தப் பாலத்தை ஒரு போனில் கெடுத்தவள் அவள்தான். எழுந்தாள்.

"சார், தப்பு என்னோடது. அபராதம் போடுற ஆளுங்கன்னு நெனச்சு நான்தான் யாரையும் வரவேணாம்னு சொன்னேன். அதே சட்டை போட்டிருந்தாங்க சார். நாளைக்கே வந்து எண்ணுங்க. நாலாயிரம் பேரு தெனமும் அடியில நுழைஞ்சு போறோம்."

ஸ்லைடு சார் பரிதாபமாகச் சிரித்தார். "அம்மா, நீங்க என்ன சொல்றீங்கன்னு யோசிச்சுத்தான் சொல்றீங்களா? நாலாயிரம் பேரு தெனமும் சட்டத்த மீறுறதா நீங்களே ஒத்துக்கறீங்க. கேட் தொறந்திருக்கும்போது நடந்து போறவங்களத்தான் நாங்க எண்ணுவோம். அடியில போறவங்க எந்தக் கணக்குலயும் வரமாட்டாங்க. மறுபடி எண்ணணும்னா மறுபடி டெண்டர் விடணும். அதுக்கு மூணு வருஷமாகும்."

"சுவர் கட்ட மூணு மாசம், எண்ண மூணு வருஷமா?" என்று பின்னாலிருந்து நாத்தனார் கத்தினாள். மைக்கை அணைத்துவிட்டார்கள்.

அடுத்த சில நாள் தையல்காரி தெருவில் தலை நிமிரவில்லை. "ஊரு தலையில மண்ணை வாரிப் போட்டுட்டா" என்று அவள் காதுபடவே பேசினார்கள். இரண்டு பேர் கொடுத்திருந்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். கம்பி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தினமும் காலையில் முன்போலவே மல்லாந்து படுத்து இழுத்துக்கொண்டு போனார், முன்போலவே "வந்துட்டேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் மெதுவாகக் கொதித்துக் கோபமாயிற்று. ஏமாந்தது என் தப்பு, சரி. குனிய வைத்தது யார்? குனிந்தவனை எண்ண மாட்டேன் என்கிறானே, அவன் தப்பை எந்த மண்டபத்தில் படம் காட்டுவது?

ஒரு நாள் கேட்காரர் கிழிந்த காக்கிச் சட்டையோடு வந்தார். நல்ல மனுஷன். மூடிய கேட்டுக்கு நாள் முழுக்க வசவு வாங்கியே காது மரத்துப்போனவர்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். கேட் தொறந்திருக்கும்போது நான் நடந்து போனா தப்பா?"

"அது எப்படித் தப்பாகும்? அதுக்குத்தான கேட்டு."

"நான் பாதையில நடந்துக்கிட்டு இருக்கும்போது மூடுவீங்களா?"

"ஆளு உள்ள இருக்கும்போது மூடினா என் வேலை போயிரும்மா. நீ போனப்புறம்தான் மூடுவேன். நான் மூடிப் பூட்டினாத்தான் அங்க ரயிலுக்குச் சிக்னலே விழும்." சொல்லிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். "ஏன் கேக்கற?"

"சும்மாதான். பட்டன் ரெண்டு சேத்துத் தெச்சிருக்கேன், இந்தாங்க."

மனுஷன் சட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, "செவ்வாக்கெழமை காலைல ஏழரை வண்டி போனதும் தொறப்பேன். அடுத்தது ஏழே முக்காலுக்கு" என்று காற்றோடு சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வீடு வீடாகப் போனாள். முகத்தில் கதவைச் சாத்தினவர்கள் வீட்டுக்கும் போனாள். "என்னால கெட்டுச்சு. நானே கேக்கறேன், ஒரே ஒரு காலை குடுங்க. கோஷம் வேணாம், கல்லு வேணாம், உக்காரவும் வேணாம். கேட்டு தொறந்ததும் அந்தப் பக்கம் நடந்து போகணும், திரும்பி இந்தப் பக்கம் நடந்து வரணும். நடக்கறது தப்பில்ல."

செவ்வாய்க்கிழமை ஏழரை வண்டி போய், கேட் மேலே எழுந்தது. முதலில் கம்பி இறங்கினார். ஊன்றுகோலை வைத்து, இடது காலை இழுத்து, அடுத்த அடி வைத்தார். முழங்கால் போன பிறகு அந்தத் தண்டவாளத்தை அவர் நிமிர்ந்து நின்று நிதானமாகக் கடந்தது அன்றைக்குத்தான். அவர் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்காரிகள், ஆஸ்பத்திரிச் சீட்டோடு கிழவர்கள், கிடங்குக் கூலிகள் என்று நூல்கண்டு பிரிந்ததுபோல் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்கள் கேட்டைச் சுற்றித் திரும்பி வந்தார்கள். ஏழே முக்கால் ஆயிற்று. எட்டு ஆயிற்று. தூரத்தில் தொண்ணூறு வண்டி இழுத்த எஞ்சின் நின்று ஹார்ன் அடித்தது. கேட்காரரின் போன் ஓயாமல் அலறியது.

"ஆளுங்க நடந்துக்கிட்டு இருக்காங்க சார்... இல்ல சார், யாரும் நிக்கல, நடக்கறாங்க... எப்படி சார் மூடறது? விதியில இடமில்லையே சார்!"

அந்த 'விதி'யைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த குஷி இருக்கிறதே! கேட்டவர்கள் கைதட்டினார்கள். பின்னால் மூன்று ரயில் வரிசையில் நின்றது. துறைமுகத்தில் இரண்டு கிரேன் சும்மா நின்றது. கப்பல்காரன் கத்தினான் என்று பிறகு சொன்னார்கள். ஒன்பதே முக்காலுக்கு ஸ்லைடு சார் காரில் வந்து இறங்கி, "இது தேசத்தோட வளர்ச்சிக்கே இடையூறு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

"உங்க ரயிலு குறுக்க கெடந்தா வளர்ச்சி, நாங்க குறுக்க நடந்தா இடையூறா?" என்று நாத்தனார் நடந்துகொண்டே கேட்டாள். போலீஸ் வந்த பிறகுதான் வரிசை கலைந்தது.

நாலாம் நாள் ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்து, மொத்தையாக ஒரு காகிதக் கட்டை மிஷின் மேல் வைத்தார். சரக்குப் போக்குவரத்தைத் தடுத்ததாக வழக்கு. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். நாத்தனார் அதைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்.

"சம்பவ தினம் காலை மேற்படி கேட்டைக் கடந்தவர்கள் மொத்தம் நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு பேர்..."

தையல்காரி தலையைத் தூக்கினாள். "எத்தன பேரு?"

"நாலாயிரத்து இருநூத்திப் பதினாறு அண்ணி. மண்டபத்துல படம் காட்டினப்ப நாப்பத்தேழு பேருதான் இருந்தோம். இந்தத் தெருவுல அதுக்குள்ள எத்தன பிரசவம் பாத்திருக்காங்க பாருங்க!"

"சார், இத யாரு எண்ணினாங்க?"

"கேமராம்மா" என்றார் போலீஸ்காரர். "அதோ, சிக்னல் கம்பத்துல இருக்கே. போனவங்க, திரும்பி வந்தவங்க எல்லாரையும் முகம் பாத்து, ஒரு ஆள ரெண்டு தடவ எண்ணாம கணக்கு குடுத்திருக்கு. பெட்டியில திருட்டுப் போகக்கூடாதுன்னு துறைமுகத்துக்காரங்க வெச்சது."

"எப்ப வெச்சது?"

"துறைமுகம் பெருசானப்பவே. அஞ்சு வருஷமிருக்கும்."

அஞ்சு வருஷம். அஞ்சு வருஷமாகத் தினமும் அத்தனை பேரையும், மல்லாந்து படுத்து இழுத்துக்கொண்டு போன அவள் புருஷனையும் அது பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாலத்துக்கு எண்ண அதற்குக் கண் இல்லை. வழக்குக்கு எண்ண மட்டும் கண் திறந்துகொண்டது. அவளுக்கு எதையாவது எடுத்து உடைக்க வேண்டும் போலிருந்தது.

"முதல் குற்றவாளி யாருன்னு படி" என்றார் கம்பி.

நாத்தனார் பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். "இடது கால் ஊனமுற்ற ஆண். ரயிலைத் தாமதப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே மெதுவாக நடந்தவர்."

கம்பி சிரிக்கத்தான் போனார். சிரிப்பு வரவில்லை. "வேணும்னே மெதுவா நடந்தேனாமா?" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு போலீஸ்காரரைக் கேட்டார். "எங்க சார், நீங்க சொல்லுங்க, வேணும்னேவா?" போலீஸ்காரர் பேனாவை நீட்டினார்.

தையல்காரி காகிதத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். புகார் கொடுத்த துறைமுகத்தின் கையெழுத்து இருந்தது, சீல் இருந்தது. நடக்க இயலாதோர் இல்லை என்று சுவரில் காட்டினவர்கள், அதே துறைமுகத்துக்காரர்கள், இங்கே இருக்கிறார் என்று சீல் குத்திக் கொடுத்திருந்தார்கள்.

"இன்னொரு காப்பி குடுங்க சார். இது கோர்ட்டுக்கு. ஒண்ணு அந்த ஸ்லைடு சார் மூஞ்சிக்கு நேரா நீட்டணும்."

"ஒண்ணுதாம்மா இருக்கு. வேணும்னா ஜெராக்ஸ் எடுத்துக்க."

ஜெராக்ஸ் கடையும் ஸ்லைடு சார் ஆபீஸும் அந்தப் பக்கம். கேட் மூடியிருந்தது. தொண்ணூறு வண்டியும் குறுக்கே கிடந்தது, எப்போது நகரும் என்று கேட்காரருக்கே தெரியாது. ஸ்லைடு சார் ஐந்து மணிக்கு ஆபீஸை விட்டுக் கிளம்பிவிடுவார், மணி நாலரை. அவள் காகிதக் கட்டைச் சுருட்டி இடுப்பில் இறுகச் செருகினாள். தண்டவாளத்தண்டை போய் நின்று, சிக்னல் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா எண்ணிக்கோ!" என்று கத்திவிட்டு, குனிந்தாள்.